கோட்டைக்கு ஒரு பொழுது: ஸ்காட்லாந்தில் படமெடுக்கக் காரா, வேனா, ரயிலா?

ஒரு வார விடுப்பில் ஸ்காட்லாந்துக்குச் சென்று கோட்டைகளையும் மலைநிலக் காட்சிகளையும் படமெடுத்து வர விரும்பும் நண்பர்கள் என்னிடம் எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்று கேட்பது குறைவு. எதில் சுற்றுவது என்று கேட்பதே அதிகம். வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டுவது, படுக்கை வசதியுள்ள கேம்பர் வேனை எடுத்துக்கொள்வது, எடின்பரோவிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ புறப்படும் சிறு சுற்றுலா வேனில் இடம் பதிவது, ரயிலையும் பேருந்தையும் நம்பிச் செல்வது என்ற நான்கு வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. கட்டணத்தையும், ஒரு நாளில் பார்க்கக்கூடிய இடங்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பெரும்பாலோர் இவற்றை ஒப்பிடுகிறார்கள். பார்த்துவிட்டு வருபவருக்கு அந்தக் கணக்கு சரி. படமெடுக்கச் செல்பவர், எந்த வழி தம்மைச் சரியான ஒளி விழும் வேளையில் சரியான கரையில் நிறுத்தும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று நம் இலக்கணம் வகுத்தது. ஆண்டின் பருவமான பெரும்பொழுது, நாளின் வேளையான சிறுபொழுது என்ற அதன் பகுப்பை ஸ்காட்லாந்துப் பயணத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சிறுபொழுது என்பது இங்கே கோட்டை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதோடு தொடர்புடையது. கிழக்குக் கரையில் ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே, ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள கடற்பாறையின் மேல், மூன்று பக்கமும் கடல் சூழ நிற்கும் டனாட்டர் கோட்டைக்குப் பின்னால் வட கடலிலிருந்து சூரியன் எழுகிறது. ஆகவே அது வைகறைக்குரிய இடம். மேற்குக் கரையில் ஆப்பின் பகுதியின் கழிமுகத்தில், சிறு பாறைத்தீவு ஒன்றின் மேல் தனித்து நிற்கும் ஸ்டாக்கர் கோட்டையைக் கரையிலிருந்து பார்த்தால் பார்வை மேற்கே போகிறது. அது மாலைக்கு உரியது. லாக் ஆ ஏரியின் தலைப்பில் இடிந்து நிற்கும் கில்கர்ன் கோட்டைக்குக் காற்று எழுவதற்கு முந்தைய விடியல் வேண்டும், ஏனெனில் அங்கே படத்தின் பாதி தண்ணீரில் தெரியும் நிழலுரு. மூன்று கடற்கழிகள் கூடும் இடத்தில் நிற்கும் எலன் டோனன் கோட்டைக்கு அந்தியும் அதற்குப் பின் வரும் நீல இருளும் பொருந்தும். விளக்கொளி கோட்டைச் சுவரில் விழுந்திருக்க, வானத்தில் இன்னும் சிறிது நிறம் எஞ்சியிருக்கும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே பலர் அங்கே இரவு தங்குகிறார்கள். அங்கு கடலேற்றமும் கணக்கில் வரும். நீர் வற்றிய வேளையில் போனால் கோட்டையைச் சுற்றிப் பாசி படிந்த கற்களும் சேறுமே தெரியும், ஏற்றத்தின் நேரமோ நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது.

பெரும்பொழுது இதைவிட முக்கியமானது. இன்வர்னஸ் நகரம் 57 பாகை வடக்கைத் தாண்டி இருப்பதால், ஜூன் நடுவில் அங்கே பகல் 18 மணி நேரம் நீள்கிறது. சூரியன் காலை நாலரைக்கு முன்பே எழுந்து இரவு பத்து மணிக்குப் பிறகே மறைகிறது. டிசம்பர் பின்பகுதியில் பகல் ஆறரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது, நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 9 பாகைதான் ஏறுகிறது. வெயில் அடிக்கும் நாளாக இருந்தால், குளிர்காலத்தில் நாள் முழுவதும் சாய்வொளி கிடைக்கும் என்பது இதன் பொருள். கோடையில் அதே சாய்வொளி, பெரும்பாலான மக்கள் உறங்கும் நேரத்தில் வந்து போகிறது. அக்டோபர் நடுவில் விடியல் ஏழே முக்காலையும் மறைவு ஆறு மணியையும் ஒட்டி அமைவதால், இரண்டையும் எடுத்துவிட்டு நன்றாகத் தூங்கவும் முடியும். நான்கு வழிகளுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு மாதத்தைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

மூன்றாவது அளவுகோல், காத்திருக்கும் வசதி. அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று தொடர்ந்து வீசும் மேற்கு மலைநிலத்தில், ஒரு மணி நேரம் மழை பெய்து, ஐந்து நிமிடம் மேகம் விலகி, ஒற்றைக் கதிர் மலைச்சரிவில் ஓடி மறைவது அன்றாட நிகழ்ச்சி. அந்த ஐந்து நிமிடமே படம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எங்கே, யாருடைய அனுமதியோடு, எவ்வளவு நனைந்து கழிப்பது என்பதை ஒவ்வொரு வழியும் வேறுவிதமாகத் தீர்மானிக்கிறது. நான்காவதாகச் செலவு, விலைப்பட்டியலில் தெரிவதையும் தெரியாததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## வாடகைக் கார்

சிறுபொழுதைப் பொறுத்தவரை காருக்கு நிகர் வேறில்லை. கில்கர்னின் எதிர்க்கரையில் விடியலை எடுத்துவிட்டு, காலை உணவு முடித்து, கானல் என்ற ஊர் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்டி ஸ்டாக்கர் கோட்டைப் பகுதியை அடைந்து, மழை என்றால் அங்கிருந்து அரை மணி ஓட்டத்தில் கிளென்கோ பள்ளத்தாக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மாலையில் ஸ்டாக்கருக்கே திரும்பி வருவது ஒரே நாளில் நடக்கக்கூடியது. மேற்கே வானம் மூடிக்கிடக்கிறது என்று முன்னறிவிப்பு சொன்னால், மழை குறைவான கிழக்குப் பகுதிக்கு முந்தைய இரவே மாறிக்கொள்ளவும் முடியும். மழையில் காத்திருப்பதற்குக் கூரையும் உண்டு. கோடையில் இது இன்னும் முக்கியம்: ஸ்காட்லாந்தின் மேற்கில் மே முடிவு முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்ற, கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி கூட்டம் கூட்டமாக வரும். காற்று அசையாத காலையிலும் மாலையிலும்தான் அது வரும், தண்ணீரில் கோட்டையின் உரு தெளிவாக விழுவதும் அதே அசைவற்ற வேளையில்தான். முகவலையும் பூச்சித் தைலமும் இருந்தாலும், அவ்வப்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

நம் ஊரில் ஓட்டிப் பழகியவருக்கு இடப்பக்கம் ஓட்டும் முறை புதிதல்ல. சுற்றுலாவாக வருபவர் இந்திய உரிமத்தைக் கொண்டே பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டச் சட்டம் இடமளிக்கிறது. பிற நாட்டுப் பயணிகளுக்கு உள்ள தயக்கம் இதில் நமக்குக் குறைவு. ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் காரில்தான் அதிகம். அங்கே கையால் கியர் மாற்றும் வண்டியே இயல்பு. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் வாடகை கூடும், கோடையில் கிடைப்பதும் அரிது. அடிப்படைக் காப்பீட்டில், வண்டி சேதமானால் 'எக்ஸஸ்' என்ற பெயரில் ஒரு பெருந்தொகையை நாமே ஏற்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையை ஓட்டுநரின் பெயரிலுள்ள கடன் அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பல திட்டங்களில் காப்பீட்டுக்கு வெளியே இருக்கின்றன, ஒற்றைத்தடக் கிராமச் சாலையின் சிதைந்த ஓரத்தில் முதலில் அடிபடுபவையும் அவையே. ஒரு நகரில் எடுத்து வேறொரு நகரில் விட்டால் தனிக் கட்டணம். ஸ்கை தீவின் ஸ்டோர் பாறை போன்ற புகழ்பெற்ற இடங்களில் வண்டி நிறுத்தக் கட்டணம். இன்வர்னஸுக்குப் போகும் ஏ9 சாலையில் 2014 முதல் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் இருப்பதால், விடியலைப் பிடிக்க விரைந்தால் அபராதச் சீட்டு ஊர் திரும்பிய பிறகு வந்து சேரும்.

இவற்றையெல்லாம் பணத்தால் சரிசெய்துவிடலாம். காரின் உண்மையான விலை தூக்கம் என்பது என் கருத்து. ஜூன் மாதத்தில் மாலை ஒளி முடிந்து அறைக்குத் திரும்ப இரவு பதினொன்றரை ஆகும். விடியலுக்கு மூன்றரைக்கு எழ வேண்டும். இப்படி மூன்று நாள் தொடர்ந்தால், நான்காம் நாள் குறுகிய மலைச்சாலையில் ஆடுகளுக்கு நடுவே வண்டி ஓட்டுபவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். தனியாகச் செல்பவர் விடியல், மறைவு இரண்டில் ஒன்றை மட்டும் நாளொன்றுக்குத் தேர்ந்துகொள்ளும் உறுதி இல்லாமல் கார் எடுக்கக் கூடாது. அறையில் ஒரு கோப்பை விஸ்கி என்று நினைப்பவர், ஸ்காட்லாந்தின் மது வரம்பு 2014 டிசம்பர் முதல் இங்கிலாந்தைவிடக் குறைவு என்பதையும், முந்தைய இரவின் மது விடியலிலும் உடலில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஓட்டுபவர் காட்சியைப் பார்ப்பதில்லை. ஸ்கை தீவின் வடக்கில் குயிரங் மலைச்சரிவை நோக்கிப் போகையில் கடலின் மேல் முழு வானவில் ஒன்று எழுந்ததை, பக்கத்து இருக்கையில் இருந்தவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். நிறுத்த இடமில்லை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக ஒற்றைத்தடச் சாலைகளில் அமைத்திருக்கும் 'பாசிங் பிளேஸ்' என்ற ஒதுங்கிடங்களில் வண்டியை நிறுத்திவிட்டுப் படமெடுக்கப் போவது அங்கே பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. அவசர ஊர்தி வந்தாலும் மருத்துவர் வந்தாலும் அதே இடம்தான் வழி. முறையான நிறுத்தத்தைக் கண்டு, வண்டியை விட்டு, முக்காலியோடு நடந்து திரும்புவதற்குள் வானம் வெளுத்துவிட்டது.

## கேம்பர் வேன்

படம் எடுக்கும் இடத்திலேயே உறங்கி எழலாம் என்ற ஆசைதான் இதன் கவர்ச்சி, தூக்கக் கணக்கில் அது உண்மையும்கூட. ஆனால் ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் அடிக்கலாம் என்று கேள்விப்பட்டதை வைத்து, எங்கும் வேனை நிறுத்தி உறங்கலாம் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்து செல்லவும் கூடாரமிட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. பல கார் நிறுத்தங்களில் இரவு தங்கத் தடை இருப்பதால், உரிய முகாம்களில் இடம் பதிய வேண்டும், கோடையில் அதுவும் முன்கூட்டியே நிறைந்துவிடும். வண்டியின் அகலம் ஒற்றைத்தடச் சாலையில் தொல்லை. 626 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் பேலக் நா பா கணவாய்ச் சாலையின் தொடக்கத்தில் பெரிய வண்டிகளையும் கேரவன்களையும் எச்சரிக்கும் பலகையே நிற்கிறது.

இரண்டு வாரம் இருப்பவர், முன்பே பெரிய வண்டி ஓட்டிப் பழகியவர், குளிரில் ஈரத் துணியோடு உறங்கச் சலிக்காதவர் ஆகியோருக்கு இது நல்ல வழி. ஒரு வாரப் பயணிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

## சிறு சுற்றுலா வேன்

பதினாறு பேர் அமரும் சிறு வேனில், ஓட்டுநரே வழிகாட்டியாக, ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை அழைத்துச் செல்லும் பயணங்கள் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. ஓட்டும் பொறுப்பு இல்லை, வண்டி நிறுத்தும் கவலை இல்லை, எந்தக் குலத்தார் எந்தக் குலத்தாரை எங்கே வெட்டினார்கள் என்ற கதை வழியெல்லாம் உண்டு. காரின் கணக்கில் வரும் மறைமுகச் செலவுகள் பெரும்பாலும் இதில் இல்லை. மதிய உணவும் கோட்டை நுழைவுச்சீட்டும் கட்டணத்தில் சேருமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

படமெடுப்பவருக்கு இதில் உள்ள குறை நேரம்தான். காலை எட்டு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஏழு எட்டு மணிக்குத் திரும்பும் அட்டவணை, கோடையில் எல்லாக் கோட்டைகளையும் உச்சி வெயிலில் காட்டும். எலன் டோனனில் வண்டி நிற்பது மதிய வேளையில். கடலேற்றம் அப்போது எப்படி இருக்கும் என்பது அதிர்ஷ்டம். நிற்கும் இருபது முப்பது நிமிடத்தில் கழிப்பறைக்கும் காப்பிக்கும் போக எஞ்சுவதில், எல்லோரும் எடுக்கும் இடத்திலிருந்து எல்லோரும் எடுக்கும் படத்தையே எடுக்க முடியும். 1719இல் போர்க்கப்பல்களின் தாக்குதலில் பிடிபட்டு வெடிமருந்தால் தகர்க்கப்பட்டு, இரு நூற்றாண்டு இடிபாடாகக் கிடந்து, 1932இல் மறுகட்டுமானம் நிறைவுற்ற கோட்டை அது. நாம் படத்தில் ஆவலோடு சேர்க்கும் கற்பாலமும் அந்த மறுகட்டுமானத்தின்போது போட்டதே என்பதை வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள் புறப்படும் நேரம் வந்துவிடும். மழை பெய்தால் காத்திருக்க முடியாது. அடுத்த நிறுத்தம் காத்திருக்கிறது.

ஆயினும் இந்தக் குறை பெரும்பொழுதைப் பொறுத்து மாறுகிறது. நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை அதே எட்டு மணிப் புறப்பாடு விடியலுக்கு முன்போ விடியலை ஒட்டியோ அமைகிறது. பத்து மணிக்கு கிளென்கோ போன்ற இடத்தை நெருங்கும்போது மலைமுகட்டில் இளஞ்சிவப்பு ஒளி இருக்கக்கூடும். திரும்பும் வழியில் மாலை மறைவும் வந்துவிடும். பள்ளத்தாக்கின் அடிவாரம் முழுநாளும் நிழலில் கிடக்கலாம் என்பது உண்மை. ஆனால் உறைபனி படிந்த சாலையில் ஓட்டும் வேலையை, அந்தச் சாலையிலேயே பல குளிர்காலம் ஓட்டிய ஒருவரிடம் விட்டுவிடுகிறோம். பனிச்சாலையில் ஓட்டியே பழகாத நம்மவர்களுக்கு, குளிர்காலத்தில் காரைவிட வேனே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

படமெடுப்பவருக்கென்றே நடத்தும் சிறு குழுப் பயணங்கள் வேறு வகை. நாலைந்து பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு, வானிலையைப் பார்த்து இடத்தை மாற்றி, விடியலுக்கும் மறைவுக்கும் அழைத்துச் செல்வார்கள். கட்டணம் பல மடங்கு. கற்றுக்கொள்ள விரும்பும் தொடக்கநிலையாளருக்கு அந்தப் பணம் வீணாகாது; தமக்கென ஒரு பார்வை உருவாகிவிட்டவருக்கு, ஐந்து முக்காலிகள் வரிசையாக ஊன்றிய கரையில் ஆறாவதாக நிற்பது அத்தனை மகிழ்ச்சி தராது.

## ரயிலும் பேருந்தும்

இந்த வழியைப் பலர் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுகிறார்கள். ஸ்கை தீவின் மலைகள்தான் வேண்டும் என்பவர் தள்ளுவது சரி. அங்கே பேருந்து குறைவு, விடியல் பேருந்து என்று ஒன்று இல்லவே இல்லை. கோட்டைகளே முதன்மை என்பவர் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் சிறந்த கோட்டைக் காட்சிகளுள் பல, ரயில் நிலையத்திலிருந்து நடை தூரத்தில் இருக்கின்றன.

எடின்பரோ கோட்டைக்கு வண்டியே தேவையில்லை. விடியலில் கால்டன் குன்றுக்கும், இரவில் வென்னல் படிக்கட்டுக்கும் அறையிலிருந்து நடந்தே போகலாம். ஸ்காட்லாந்தின் மேரி அரசி 1542இல் பிறந்த லின்லித்கோ அரண்மனை, எடின்பரோவிலிருந்து இருபது நிமிட ரயில் பயணம். ஏரிக்கரையைச் சுற்றி நடந்தால் நிழலுருவோடு முழு அரண்மனையும் தெரியும். ஸ்டர்லிங் கோட்டை முக்கால் மணி. டனாட்டருக்கு எடின்பரோவிலிருந்து ஸ்டோன்ஹேவன் வரை ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊரிலிருந்து போர் நினைவுச்சின்னம் நிற்கும் குன்றின் வழியாகக் கடலோரப் பாதையில் மூன்று கிலோமீட்டர் அளவு நடை. அந்த நடையில் கோட்டை சிறிது சிறிதாக வெளிப்படுவதைக் காரில் வந்து இறங்குபவர் இழந்துவிடுகிறார். ஸ்காட்லாந்தின் மணிமுடியைத் தேடி வந்த ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படை எட்டு மாதம் முற்றுகையிட வேண்டியிருந்ததற்கு, பாறைக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள அந்தச் செங்குத்துப் பிளவைப் பார்த்தாலே விளக்கம் கிடைக்கும். ஸ்டோன்ஹேவனில் ஓர் இரவு தங்கினால் எந்த மாதத்திலும் விடியல் நம் கையில். டிசம்பரில் சூரியன் எட்டரைக்குப் பிறகே எழுவதால், அபர்டீனிலிருந்து காலை ரயிலில் வந்துகூடப் பிடித்துவிடலாம்.

மேற்கே கிளாஸ்கோவிலிருந்து மலைநில ரயில் பாதை ஓபன், ஃபோர்ட் வில்லியம் என்ற இரண்டு ஊர்களுக்குப் பிரிந்து போகிறது. ஓபன் கிளையில் லாக் ஆ நிலையத்தில் இறங்கினால் கில்கர்ன் கோட்டை கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும். நிழலுரு தெரியும் புகழ்பெற்ற கோணம் தெற்குக் கரையில் இருப்பதால், போக்குவரத்துள்ள சாலையோரமாகச் சில கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்பது இதன் குறை. ஃபோர்ட் வில்லியம் கிளை ரானக் சதுப்பு நிலத்தின் குறுக்கே போகிறது. அங்குள்ள கோரூர் நிலையத்துக்குப் பொதுச் சாலையே கிடையாது. காரால் எட்ட முடியாத நிலக்காட்சியை ரயில் தரும் இடம் அது ஒன்று. மாலெய்க் வரை நீளும் தொடரில், 1901இல் பயணிகளுக்குத் திறந்த பாதையில், 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபின்னன் கான்கிரீட் பாலத்தைக் கடக்கும்போது, ஃபோர்ட் வில்லியத்திலிருந்து போகிறவர் இடப்பக்க இருக்கையில் இருக்க வேண்டும். பாலத்தை வெளியிலிருந்து எடுக்க விரும்பினால், கிளென்ஃபின்னன் நிலையத்தில் இறங்கி மேட்டுப் பாதையில் ஏறினால் போதும். நிறுத்த இடம் தேடிக் கார்கள் சுற்றிச்சுற்றி வருவதை மேலிருந்து பார்க்கலாம்.

எலன் டோனனும் எட்டக்கூடியதே. இன்வர்னஸிலிருந்து கைல் ஆஃப் லாகால்ஷ் வரை இரண்டரை மணி நேர ரயில். அங்கிருந்து 13 கிலோமீட்டர் தூரத்திலுள்ள டோர்னி கிராமத்துக்குப் பேருந்து. டோர்னியிலேயே அறை எடுத்தால், அந்தியும் நீல இருளும் விடியலும் கடலேற்றமும் வாசலில் இருக்கும். அந்த ஓர் இரவில், நான்கு இடம் ஓடி எடுத்தவரைவிட நல்ல படம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

செலவைப் பொறுத்தவரை, சில நாட்களுக்கு எல்லையற்ற ரயில் பயணம் தரும் சீட்டு பலருக்கு இலாபம். ஆனால் விடியலைப் பிடிக்க ஒவ்வோர் ஊரிலும் இரவு தங்க வேண்டும் என்பதால் அறைச் செலவு கூடுகிறது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் டாக்சிக்கு ஒரு நாள் கார் வாடகையே போய்விடும். மலைநிலப் பாதைகளில் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களே ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் குளிர்காலமும் பேருந்து அட்டவணையை இன்னும் சுருக்கிவிடும். பெட்டியையும் கேமராப் பையையும் முக்காலியையும் நாமே சுமந்து ஏறி இறங்க வேண்டும், மழையில் காத்திருக்கக் கூரை எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே இந்த வழியில் செல்பவர் ஒரு லென்ஸைக் குறைத்து ஒரு மழைச்சட்டையைக் கூட்டிக்கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வாடகைக் கார் | கேம்பர் வேன் | சுற்றுலா வேன் | ரயில், பேருந்து |
|---|---|---|---|---|
| கோடை விடியல், அந்தி | முழுதும் கிடைக்கும். தூக்கம் கெடும் | முழுதும் கிடைக்கும் | ஏறத்தாழ இல்லை | அருகில் தங்கினால் மட்டும் |
| குளிர்கால ஒளி | கிடைக்கும். சாலை அபாயம் | குளிரும் அபாயமும் | நன்றாகவே கிடைக்கும் | கிழக்கிலும் நகரங்களிலும் நன்று |
| மழையில் காத்திருத்தல் | எளிது | மிக எளிது | முடியாது | முடியும். நனைய வேண்டும் |
| திட்டத்தை மாற்றுதல் | உடனே | ஓரளவு | முடியாது | அட்டவணைக்குள் |
| மறைமுகச் செலவு | எக்ஸஸ், டயர், நிறுத்தம், அபராதம் | முகாம் கட்டணம், எரிபொருள் | நுழைவுச்சீட்டு, உணவு | கூடுதல் இரவுகள், டாக்சி |
| பொருந்தும் இடங்கள் | ஸ்கை, கிளென்கோ, ஸ்டாக்கர், கில்கர்ன் | வடமேற்குக் கரை | முதல் அறிமுகம் | எடின்பரோ, லின்லித்கோ, டனாட்டர், கிளென்ஃபின்னன், எலன் டோனன் |

## எந்த நிலையில் எது

அட்டவணையைப் பார்த்தால் கார் முன்னிற்பதாகத் தோன்றும்; ஏழு நாளும் கார் வேண்டுமா என்பதே நான் கேட்கும் எதிர்க்கேள்வி. எடின்பரோவில் இறங்கிய அன்றே கார் எடுப்பவர், முதல் இரண்டு நாள் அதை நகரில் நிறுத்திவைக்கப் பணம் கட்டுகிறார். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செல்லும் இருவருக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: எடின்பரோவிலும் லின்லித்கோவிலும் இரண்டு நாள், ரயிலில் ஸ்டோன்ஹேவன் சென்று டனாட்டருக்காக ஓர் இரவு, அபர்டீன் வழியாக ரயிலிலேயே இன்வர்னஸ், அங்கே மூன்று நாட்களுக்கு மட்டும் கார் எடுத்து ஸ்கை தீவும் எலன் டோனனும் பார்த்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலில் தெற்கே திரும்புவது. ஒருவழிக் கட்டணம் இல்லை, நகர நிறுத்தச் செலவு இல்லை. கிளென்கோவும் ஸ்டாக்கரும் கில்கர்னும் இதில் விடுபடும். அவைதான் வேண்டும் என்றால், ஸ்கையை விட்டுவிட்டு ஓபனில் தங்க வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டையும் சேர்ப்பவர் இரண்டையும் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்.

ஜூன், ஜூலையில் செல்பவர் தனியாள் என்றால் ரயில் வழியே நல்லது. ஒரே ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கி, பகலில் உறங்கி, ஒளி வரும் வேளையில் நடந்து போகலாம். மாறி மாறி ஓட்டக்கூடிய இருவர் என்றால் கார். டிசம்பர், ஜனவரியில் செல்பவர் நகரங்களை ரயிலிலும் மலைகளைச் சுற்றுலா வேனிலும் பார்ப்பது உயிருக்கும் படத்துக்கும் நல்லது. ஆனால் பல கோட்டைகளின் உட்புறம் அப்போது மூடியிருக்கும் அல்லது சில மணி நேரமே திறந்திருக்கும்.

துணையாக வருபவர் படமெடுப்பதில் ஆர்வமில்லாதவராகவோ, சிறு பிள்ளைகள் உடன் வருவதாகவோ இருந்தால், மேலே சொன்ன ஒளிக் கணக்கு எதுவும் தனித்து நிற்காது. அப்போது கோட்டை தெரியும் சன்னலுள்ள அறை ஒன்றை டோர்னியிலோ ஸ்டோன்ஹேவனிலோ எடுத்துவிட்டு, மற்றவர்கள் உறங்கும்போது தனியே போய் வருவதே குடும்பத்துக்கும் கேமராவுக்கும் ஒத்துப்போகும் வழி. அத்தகைய சிற்றூர்களில் அறைகள் குறைவு என்பதால், கோடைக்குச் சில மாதங்கள் முன்பே அவை தீர்ந்துவிடுகின்றன. கார், ரயில், வேன் எதுவாக இருந்தாலும் அறை உறுதியான பிறகே அதற்கான தேதியைப் பதிய வேண்டும்.